‘எங்கு கண்டாலும்’ என்ற வசனத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி: குர்ஆனைத் தமிழில் படித்து வருகிறேன். ‘இணைவைப்போரை எங்கு கண்டாலும் கொல்லுங்கள்’ என்று 9:5-ஐ (9-ஆம் அத்தியாயத்தின் 5-ஆம் வசனத்தை) நண்பர் ஒருவர் அனுப்பினார். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. அரபு தெரியாத நான் இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: நண்பர் அனுப்பிய வரி இருப்பது உண்மைதான். இணைவைப்போர் என்றால் இறைவனுக்கு இணையாக வேறு தெய்வங்களை வணங்குபவர்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ளதையும் படியுங்கள். 2-ஆம் வசனம் நான்கு மாத அவகாசம் தருகிறது. உடன்படிக்கையை மீறாதவர்களிடம் அதன் கெடு முடியும்வரை வாக்கைக் காப்பாற்றச் சொல்கிறது 4-ஆம் வசனம். 6-ஆவதோ, அதே இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுங்கள், இறைவனின் வார்த்தையைக் கேட்கவிடுங்கள், பிறகு அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேருங்கள் என்கிறது. கண்டவரையெல்லாம் கொல்லச் சொல்லும் பேச்சில் இப்படி ஒரு வரி வர வழியில்லை. பேச்சு யாரைப் பற்றியது என்பது 13-இல் தெளிவாகிவிடும்: சத்தியத்தை முறித்தவர்கள், முதலில் மோதலைத் தொடங்கியவர்கள். ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) 9-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது அறிவிக்கப்பட்ட வசனங்கள் இவை.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த வசனம் முந்தைய அமைதி வசனங்களின் சட்டத்தை மாற்றிவிட்டது என்று முற்கால விரிவுரையாளர் சிலர் கருதியதுண்டு. அதை ஏற்காதவர்களும் உண்டு. 6-ஆம் வசனத்தைப் பக்கத்திலேயே வைத்துப் படிக்கும்போது, ஏற்காதவர்களின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது.

அப்புறம் மொழி. அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. ‘காஃபிர்’ என்ற சொல்லின் வேருக்கு மூடுதல், மறைத்தல் என்று பொருள். உண்மையை மூடி மறைப்பவர் என்பதால் மறுப்பவருக்கு அந்தப் பெயர். அதன் பன்மையான ‘குஃப்ஃபார்’ 57:20-இல் வருகிறது: மழை பெய்கிறது, பயிர் முளைக்கிறது, அதைக் கண்டு குஃப்ஃபார் மகிழ்கிறார்கள். இங்கே உழவர்கள் என்றே விரிவுரையாளர்கள் பலரும் பொருள் கொள்கிறார்கள். விதையை மண்ணால் மூடுபவர்தானே உழவர்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அதற்காக எல்லா இடத்திலும் ‘உழவர்’ என்று போட முடியாது. நம் ‘அடி’யைப் பாருங்கள். காலடியும் அடிதான், செய்யுளின் அடியும் அடிதான், கம்பால் அடிப்பதும் அடிதான். எது என்று வாக்கியம்தான் சொல்லும். தனக்குப் பிடித்த பொருளை அகராதியில் தேடி எடுப்பவரும், வசனத்தை வெட்டி அனுப்புபவரும் செய்வது ஒரே தவறு.

யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் ‘அவ்லியா’ ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்கிறது 5:51. அந்தச் சொல்லும் இப்படித்தான். சில மொழிபெயர்ப்புகளில் ‘நண்பர்கள்’, சிலவற்றில் ‘பாதுகாவலர்கள்’. போரிடாதவர்களிடம் நன்மையோடும் நீதியோடும் நடப்பதை இறைவன் தடுக்கவில்லை என்று 60:8 சொல்வதால், இரண்டாவதுதான் பொருந்துகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பவை மொழிபெயர்ப்பாளர் சேர்த்த விளக்கம், அரபு மூலத்தில் உள்ளவை அல்ல. இரண்டும் முரண்படும் இடத்தில் மட்டும் ஒரு தஃப்ஸீரை (குர்ஆன் விரிவுரை நூலை) திறந்து, வசனம் இறங்கிய பின்னணியைப் பாருங்கள்.

சரி, நண்பருக்குப் பதில் அனுப்புவதானால் 4, 5, 6 மூன்று வசனங்களையும் சேர்த்தே அனுப்புங்கள்.