பூகம்பம் தந்த மைதானம்

கேள்வி: நியூசிலாந்து சின்ன நாடுதானே? வடக்குத் தீவில் எரிமலைகள், தெற்குத் தீவில் பனிமலைகள். அடுத்தடுத்து இருந்துகொண்டு ஏன் இப்படி?

பதில்: கிரிக்கெட் பார்ப்பீர்களா? 2014-இல் மெக்கல்லம் இரண்டு நாட்களுக்கும் மேல் அவுட் ஆகாமல் இந்தியப் பந்துவீச்சாளர்களைப் படுத்தி எடுத்து 302 அடித்தாரே, வெலிங்டனில் உள்ள பேசின் ரிசர்வ் மைதானத்தில்? எனக்கு அந்த ஆட்டத்தைவிட அந்தத் தரையைத்தான் பிடிக்கும். 1840-களில் அங்கே ஏரியும் சேறுமாகக் கிடந்தது. துறைமுகத்திலிருந்து கால்வாய் வெட்டிக் கப்பல்களை அங்கே கொண்டுவந்து நிறுத்துவதாகத் திட்டம். 1855 ஜனவரி 23 இரவு பெரும் பூகம்பம். தரை மேலே எழும்பியது, தண்ணீர் வடிந்தது, கப்பல் கனவு போயே போச்சு. அப்புறம் சிறைக்கைதிகளை வைத்து இடத்தைச் சமன்படுத்தினார்கள். ‘பேசின்’ (கப்பல் நிறுத்தும் குளம்) என்ற பெயர் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பூமியின் மேல்பகுதி மெல்ல நகரும் பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றில் பசிபிக் தட்டு, ஆஸ்திரேலியத் தட்டு இரண்டும் முட்டிக்கொள்ளும் எல்லை அந்த நாட்டின் வழியாகவே போகிறது. வடக்கே பசிபிக் தட்டு அடியில் நுழைகிறது. நுழையும் தட்டே உருகி எரிமலையாகிறது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. அது தன்னோடு கொண்டுபோகும் நீர் ஆழத்தில் வெளியேறி, மேலே உள்ள சூடான பாறையை எளிதில் உருக வைக்கிறது. ருவாபெகு எரிமலை இப்படி வந்ததுதான். டவுப்போ ஏரியும் ஏதோ பள்ளத்தில் மழைநீர் தேங்கி உண்டானதல்ல. வெடித்துச் சரிந்த எரிமலையின் வாய் அது.

தெற்குத் தீவில் கதை வேறு. அங்கே பெரும்பகுதியில் எந்தத் தட்டும் அடியில் போவதில்லை. ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்கின்றன, கூடவே நெருக்கவும் செய்கின்றன. உரசும் கோடுதான் ஆல்பைன் பிளவு. நெருக்கத்தில் பிதுங்கி எழுந்ததுதான் மலைத்தொடர். தீவின் வட முனையில் நெல்சன் அருகே உள்ள ஒரு வகைப் பாறை, தெற்கே ஒட்டாகோ பக்கமும் இருக்கிறது. இடையில் 480 கிலோமீட்டர்! ஒரே பாறைப் பட்டையைப் பிளவு அறுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று புவியியலாளர் ஹெரால்ட் வெல்மன் 1940-களிலேயே சொன்னார். தட்டுக் கொள்கை அப்போது வரவே இல்லை. வகுப்பெடுத்த காலத்தில் நான் தீவின் வரைபடத்தைப் பிளவுக்கோட்டில் கத்தரித்து, மேற்குத் துண்டைக் கீழே இழுத்துக் காட்டுவேன். இரண்டு பாறைகளும் சேரும்போது கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். என்னைக் கேட்டால் எரிமலையைவிட இதுதான் பெரிய அதிசயம்.

கேள்வி: அப்படியானால் அந்த மலைத்தொடரின் மிக உயரமான சிகரமான மவுன்ட் குக் ஆண்டுதோறும் வளர்கிறதா?

பதில்: வளர்கிறது, தேயவும் செய்கிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் எழும். மழையும் பனியாறும் கூடவே அரித்துக்கொண்டிருக்கும். 1991 டிசம்பரில் ஒரு நள்ளிரவில் உச்சியே சரிந்து, ஒரேயடியாகப் பத்து மீட்டர் போனது. இப்போது 3,724 மீட்டர். கீழே கேன்டர்பரி சமவெளி இருக்கிறதே, அது இந்த மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துவந்து கொட்டிய கற்கள்தான்.

கேள்வி: இப்போதும் அங்கே கடலிலிருந்து நிலம் எழுகிறதா?

பதில்: எழுகிறது. 1931 பூகம்பத்தில் நேப்பியர் நகரமும் சுற்றுப்புறமும் இடிந்து 256 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த உப்பங்கழி அன்று மேலெழுந்து தரையானது. இன்றைய விமான நிலையம் அங்கேதான். 2016 நவம்பரில் வந்த பூகம்பத்தில், கைகோரா கடற்கரையில் கடலடிப் பாறைகள் ஒரே இரவில் பாசியோடு வெளியே வந்துவிட்டன. பாவா என்ற கடல் நத்தைகள் அவற்றில் ஒட்டியபடியே வெயிலில் காய்ந்தன. ஊர்க்காரர்கள் அவற்றைக் கையால் பெயர்த்தெடுத்து மறுபடி தண்ணீருக்குள் கொண்டுபோய் விட்டார்கள்.