பிரைட்டனில் வீடு தேடுகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி–பதில்

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிற பிரைட்டனில், வாடகை வீடுகளில் ஆள் குடியேறும்போதும் காலி செய்யும்போதும் சுவர், தரை, சாமான் நிலவரத்தை எழுதிப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. பிறந்தது தூத்துக்குடி. கடலோர ஊரில் குடியேறுவது பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் சில இவை.

நான் நர்ஸ். பிரைட்டன் அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. கணவர், ஐந்து வயது மகளோடு வருகிறேன். அங்கே ஜாமீன் போட ஆள் இல்லையென்றால் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்ட வேண்டுமாமே? நகையை அடகு வைக்கலாமா? – வாசகி, மதுரை

நகை பீரோவிலேயே இருக்கட்டும். 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வாடகை என்று ஒரு பைசா வாங்கக்கூடாது. கையெழுத்தான பிறகும் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. விளம்பரத்தில் போட்ட வாடகையைவிட அதிகம் தருகிறேன் என்று நீங்களே சொன்னாலும் வீட்டுக்காரர் வாங்கக்கூடாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மைப் போல விமானத்தில் இறங்கி வருகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது என்பது என் கட்சி. கையில் காசு உண்டு, இந்த நாட்டில் கடன், வாடகை வரலாறு கிடையாது என்கிறவர்கள் இதுவரை ஆறு மாதப் பணத்தைக் காட்டித்தான் வீடு பிடித்தார்கள். அந்த வழி அடைபட்டுவிட்டது. இனி ஏஜென்ட் உங்கள் சம்பளத்தைத்தான் பார்ப்பார்.

அவர்கள் போடுகிற கணக்கு இதுதான்: ஆண்டு வருமானம், மாத வாடகையைப் போல் முப்பது மடங்கு இருக்க வேண்டும். இது சட்டம் இல்லை, வழக்கம். புதிதாக வரும் நர்ஸை வைக்கிற 'பாண்ட் 5' என்ற சம்பளப் படியில் தொடக்க ஆண்டுச் சம்பளம் 2025-26-ல் 31,000 பவுண்டுக்குச் சற்று மேலாக இருந்தது. முப்பதால் வகுத்தால் மாதம் ஆயிரத்துச் சொச்சம். அந்த வாடகைக்கு பிரைட்டன் நடுவில் மூன்று பேர் குடியிருக்கிற மாதிரி வீடு அமையாது. ஆகவே உங்கள் கணவர் வேலையில் சேர்ந்து இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டுகிற வரைக்கும் பெரிய வீட்டைத் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டு நர்ஸ்களுக்குப் பல மருத்துவமனைகள் முதல் சில வாரங்கள் தங்க இடம் தருகின்றன. உங்கள் ஆஃபர் கடிதத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கூச்சப்படாமல் மெயில் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம், செலவு. உதாரணத்துக்கு மாத வாடகை 1,400 பவுண்டு என்று வையுங்கள். வீட்டை உங்களுக்காக நிறுத்தி வைக்க ஒரு வார வாடகை, அதாவது 323 பவுண்டு கேட்பார்கள். அதை வழக்கமாக முதல் மாத வாடகையிலேயே கழித்துக்கொள்வார்கள். டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கிடையாது, 1,615 பவுண்டு. முதல் மாத வாடகையையும் சேர்த்தால் சுமார் 3,015. 'ஃபைல் சார்ஜ்', 'அக்ரிமென்ட் சார்ஜ்' என்று இதற்குமேல் கேட்டால் 2019-லிருந்தே அது சட்டவிரோதம். டெபாசிட்டையும் வீட்டுக்காரர் சும்மா வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் 30 நாளைக்குள் பதிந்து உங்களுக்குச் சான்று தர வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நம்பவே முடியாத சலுகை.

கொண்டுவர வேண்டிய காகிதங்கள்: வேலை ஒப்பந்தம், மருத்துவமனை மனிதவளப் பிரிவின் கடிதம், ஆறு மாத வங்கி விவரம், ஊரில் வாடகைக்கு இருந்திருந்தால் அந்த வீட்டுக்காரரிடமிருந்து ஆங்கிலத்தில் நாலு வரி. விசா இப்போது ஆன்லைனில்தான். வீட்டுக்காரர் அதைச் சரிபார்க்க, வாடகைக்கென்றே 'ஆர்' (R) எழுத்தில் தொடங்கும் பகிர்வுக் குறியீடு (share code) எடுக்க வேண்டும், உங்கள் கணவருக்கும் தனியாக. ஜாமீன் கேட்டு அடம்பிடித்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கிற கம்பெனிகள் உண்டு. கட்டிய காசு திரும்பாது என்பதால் அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

இன்னொன்று. வாடகையோடு கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டுகிற வரி), கரண்ட், கேஸ், தண்ணீர் எல்லாம் பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான். கவுன்சில் வரியைக் கணக்கில் சேர்க்காமல் வந்து முதல் பில்லைப் பார்த்து முழிக்கிறவர்கள் நிறைய.

லண்டனில் ஐ.டி. வேலை. வாரம் இரண்டு நாள்தான் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற ஃபிளாட் பிரைட்டனில் பார்த்து வைத்திருக்கிறேன், போட்டோவில் அள்ளுகிறது. எடுக்கலாமா? – வாசகர், ஈஸ்ட் ஹாம்

தம்பி, போட்டோ எந்த மாதம் எடுத்தது என்று கேட்டீர்களா? ஜூனில் எடுத்திருப்பார்கள். நீங்கள் ஜனவரியிலும் அங்கேதான் இருக்கப் போகிறீர்கள்.

கடலைப் பார்த்த வெள்ளை மாளிகை வரிசைகள் இருக்கின்றனவே, பிரன்ஸ்விக் சதுக்கத்திலும் கெம்ப்டவுனிலும், அவை கட்டி இருநூறு வருஷம் ஆகப்போகிறது. முகப்புப் பூச்சு அழகு. பூச்சுக்குப் பின்னால் பல வீடுகளில் இருப்பது 'பங்கரூஷ்' என்று இந்த ஊருக்கே உரிய ஒரு கலவைச் சுவர். சுண்ணாம்புக் காரையில் சிக்கிமுக்கிக் கல், உடைசெங்கல், கூழாங்கல், கைக்குக் கிடைத்ததெல்லாம் போட்டு அடைத்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மறுபடி வெளியே விட்டுவிடும். பிற்காலத்தில் யாரோ அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்டும் அடித்திருந்தால் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அறைக்குள் வரும். ஷெல்ஃப் மாட்ட ஓட்டை போட்டால் ஆணிக்குப் பிடிப்பே இல்லாமல் பொலபொலவென்று கொட்டும், அது வேறு. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போடவும் லேசில் அனுமதி கிடைக்காது. தென்மேற்குக் காற்று அடிக்கிற இரவில் அந்தப் பழைய மரஜன்னல் விடிய விடியக் கடகடக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது நான் செய்வதைச் செய்யுங்கள். உள்ளே நுழைந்ததும் பேசாமல் மூச்சை இழுத்துப் பாருங்கள். மட்கிய சாக்கு வாடை வந்தால் அதற்கு மேல் ஏஜென்ட் சொல்வதெல்லாம் உபரி. படுக்கையறையில் வெளிச்சுவரை ஒட்டியிருக்கிற அலமாரியை ஒரு சாண் இழுத்து, மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தரையோரத்திலிருந்து மேலே ஏறியிருக்கும். நாலு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயின்ட் என்றால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று ஈரமாக ஒட்டுகிறதா என்று. குளியலறையில் மின்விசிறியைப் போட்டு ஒரு டிஷ்யூ தாளை அதன் முகத்தில் காட்டுங்கள். தாள் ஒட்டிக்கொள்ளாமல் விழுந்தால் விசிறி சும்மா சத்தம்தான் போடுகிறது. ஒரு வீட்டில், துணி அலமாரிக்குள் ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றைக் கோட்டுகளுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அதன் தொட்டியில் தண்ணீர் முக்கால்வாசி. இதையும் பட்டியலில் எழுதுவேன் என்றதும் அங்கிருந்தவர் ஜன்னல் பக்கம் கைகாட்டி, வெயில் எப்படி அடிக்கிறது பாருங்கள் என்றார்.

தெருவிலிருந்து படி இறங்கிப் போகிற கீழ்த்தள ஃபிளாட்டைத் தொடவே வேண்டாம். வாடகை குறைவுதான். மிச்சம் பிடித்ததை ஹீட்டருக்குக் கட்டுவீர்கள்.

கடல் வேண்டுமென்றால் கரையிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி, மேட்டுப் பக்கம், முதல் மாடியோ இரண்டாம் மாடியோ பாருங்கள். நடந்து போனால் பத்து நிமிஷத்தில் கரை. மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல், செருப்போடு போங்கள்.

பிரைட்டன் வாடகை கட்டுப்படியாகவில்லை. பக்கத்தில் வேறு எங்கே பார்க்கலாம்? – வாசகர், கிராய்டன்

மேற்கே போங்கள். ஹோவ் தாண்டினால் போர்ட்ஸ்லேட், சவுத்விக், ஷோரம், லான்சிங், வொர்த்திங் என்று ரயில் பாதை கரையை ஒட்டியே போகிறது, ஒவ்வொரு ஊரிலும் ஸ்டேஷன் உண்டு. குடும்பத்துக்கு என் ஓட்டு போர்ட்ஸ்லேடுக்கும் ஷோரமுக்கும். சின்னத் தோட்டத்தோடு செங்கல் வீடுகள், பங்கரூஷ் தொல்லை இல்லை. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு 1, 7 எண் பேருந்துகள் ஊரின் மேற்குப் பக்கத்திலிருந்து நேராக அதன் வாசல் வழியாகப் போகின்றன. மேலே கேள்வி கேட்ட மதுரைச் சகோதரியும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கிழக்கே பீஸ்ஹேவனில் வாடகை இறங்கும், ஆனால் ரயில் கிடையாது. செங்குத்துப் பாறைமேல் போகிற 12-ஆம் எண் போன்ற பேருந்துகள்தான் கதி.

ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் வீடு தேடாதீர்கள். ஊரின் இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் அப்போதுதான் வீட்டுக்கு மோதுவார்கள்.

வாடகையாகக் கொடுக்கிற காசுக்கு இங்கேயே ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம் என்று மனைவி சொல்கிறாள். விலை 3,50,000 பவுண்டு. 'முதல் வீடு' என்பதால் முத்திரைவரிச் சலுகை உண்டுதானே? திருநெல்வேலியில் என் பேரில் ஒரு வீடு இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறோம். – வாசகர், ஹோவ்

அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

இங்கே 'முதல் வீடு' என்றால் உலகத்தில் எங்கேயும் முதல் வீடு. திருநெல்வேலியானாலும் டொரன்டோவானாலும், விலைக்கு வாங்கியதானாலும் அப்பா வழியில் வந்ததானாலும், உங்கள் பேரில் ஒருமுறை வீடு இருந்துவிட்டால் சலுகை கிடையாது. கணவன், மனைவி சேர்ந்து வாங்கும்போது இரண்டு பேருமே முதல்முறை வாங்குகிறவர்களாக இருக்க வேண்டும்.

3,50,000-க்குக் கணக்குப் பாருங்கள். வீடே இல்லாதவருக்கு வரி 2,500 பவுண்டு. முன்பு வீடு இருந்து விற்றுவிட்டவருக்கு 7,500. இப்போதும் வேறு வீடு வைத்திருப்பவருக்கு 2024 அக்டோபர் 31 முதல் அந்த 7,500-க்கு மேல் மொத்த விலையிலும் 5 சதவீதம் கூடுதல், ஆக மொத்தம் 25,000 பவுண்டு. திருநெல்வேலி வீட்டில் உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் இந்த வரிசையில்தான். நம் பணத்தில் அது நாற்பது லட்சத்துக்கும் மேல். திருநெல்வேலியில் இன்றைக்கு நல்ல தெருவில் இருக்கிற வீடு அதைத் தாண்டியிருக்கும். 'அப்படியானால் மனைவி பேரில் மட்டும் வாங்குகிறோம்' என்று அடுத்த கடிதம் போட வேண்டாம். இந்தக் கூடுதல் வரிக்குத் தம்பதியை ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள். வெறும் மனை மட்டும் இருந்தால் அது வீடாகக் கணக்கில் வராது. அப்பா உயிரோடு இருந்து வீடு அவர் பேரில் இருந்தாலும் கவலையில்லை.

ஆகவே ஏஜென்டிடம் பேசும் முன் சொத்து வழக்கறிஞர் ஒருவரிடம் ஊர்ப் பத்திரத்தைக் காட்டுங்கள். நிஜத்தைச் சொல்லாமல் வாங்கிவிடலாம் என்று யோசனை சொல்கிற உறவுக்காரர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அபராதம் வரும்போது அவர் வரமாட்டார்.

இங்கே ஃபிளாட் வாங்குவது என்றால் பெரும்பாலும் நீண்ட காலக் குத்தகையை வாங்குவதுதான். அதில் எத்தனை வருஷம் மிச்சம் இருக்கிறது என்றும் பாருங்கள். 80-க்குக் கீழே போய்விட்டால் நீட்டிக்கச் செலவு ஏறும், வங்கியும் முகம் சுளிக்கும். கடலை ஒட்டிய கட்டடத்தில் உப்புக் காற்று பெயின்டையும் இரும்பையும் தின்றுகொண்டே இருக்கும். சாரம் கட்டிப் பூசுகிற செலவை எல்லா ஃபிளாட்காரர்கள் தலையிலும் பிரித்துவிடுவார்கள். கடந்த மூன்று வருஷப் பராமரிப்பு பில்லையும், அடுத்து என்ன பெரிய வேலை வரப்போகிறது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம். டெபாசிட் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். – வாசகி, கோவை

அனுப்பாதீர்கள். சாவியும் வராது, வீடும் அவருடையதாக இருக்காது. நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ உள்ளே போய் நின்று பார்க்காத வீட்டுக்கு ஒரு பவுண்டு கூட வேண்டாம்.

கார் வைத்துக்கொள்ளலாமா? அரிசி, பருப்பு, முருங்கைக்காய்க்கு என்ன வழி? – வாசகர், கும்பகோணம்

ஊர் நடுவில் தெருவில் கார் நிறுத்த கவுன்சிலின் பர்மிட் வேண்டும். சில பகுதிகளில் அதற்குக் காத்திருப்போர் பட்டியலே இருக்கிறது. வீட்டை எடுக்கும் முன் அந்தத் தெரு எந்த மண்டலம் என்று கவுன்சில் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். அரிசியும் பருப்பும் இங்கேயே கிடைக்கும். முருங்கைக்காய், வாழைப்பூ, நல்ல கருவாடு வேண்டுமென்றால் ரயிலில் ஈஸ்ட் கிராய்டன் வரை போய், அங்கிருந்து தெற்கு லண்டனில் நம்மவர் கடைகள் இருக்கிற டூட்டிங் போய்விட்டு வரவேண்டும். நான் மாதம் ஒருமுறை போகிறேன். கருவாட்டை மட்டும் மூன்று பையில் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள், ஒரு மணி நேர ரயில் பயணம்.