பதக்கத்தின் பின்பக்கம் பாருங்கள்

கேள்வி: தாத்தாவின் அண்ணன் இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் இறந்தாராம். நட்சத்திர வடிவப் பதக்கம் ஒன்றுதான் மிச்சம். எங்கே தேடலாம்?
– வாசகி, வேலூர்

பதில்: முதலில் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! இந்தியப் படையினருக்குத் தந்த நட்சத்திரங்களின் பின்பக்கத்தில் படை எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும், தேய்த்தால் அழியும். சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் படியுங்கள். ‘சாப்பர்’ (ராணுவப் பொறியியல் பிரிவுச் சிப்பாய்) என்றிருந்தால் பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்துக்கும், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றிருந்தால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் மையத்துக்கும் எழுதுங்கள்.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் இலவசமாகத் தேடலாம். 3.9.1939 முதல் 31.12.1947 வரையிலான மரணங்கள் அதில் உண்டு. பெயரைப் போட்டுப் பலர் ஏமாறுவது ஆங்கில எழுத்துக்கூட்டலால்தான்: முத்துசாமியில் ‘டி’க்குப் பின் ‘எச்’ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எண்ணால் தேடுவதே நல்லது. பல பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். அதில் மாவட்டம் வேலூர் என்றிராது, அன்றைய வட ஆற்காடு என்றிருக்கும்.

கல்லறை இல்லையென்றால் கலங்க வேண்டாம். ரங்கூன் அருகே தௌக்கியான் நினைவுத்தூண்களில் அப்படிப்பட்ட சுமார் 27,000 பெயர்கள் உள்ளன. பெயர் தூணின் எந்த முகப்பில் உள்ளது என்ற எண்ணையும் பதிவே சொல்லும்.