தோசோன்வில் சீமாட்டியின் வலது கை

கேள்வி: நியோகிளாசிக்கல் (பண்டைய கிரேக்க, ரோமானியக் கலையைப் பின்பற்றும் பாணி) உருவப்படம் ஒன்றை ஆராய்ந்து எழுத வேண்டும். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் வரைந்த தோசோன்வில் சீமாட்டியை எடுத்துக்கொண்டேன். வலது கை தோளிலிருந்து வராததுபோல் தெரிகிறது. ஓவியர் தவறிவிட்டாரா? எங்கிருந்து தொடங்குவது?
– ஓவியக் கல்லூரி மாணவி

பதில்: அந்தக் கையிலிருந்தே தொடங்குங்கள், சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். படத்தை ஏ4 தாளில் அச்செடுத்து, மேலே டிரேசிங் பேப்பரை வைத்து வெளிக்கோடுகளை மட்டும் எடுங்கள். தலைச்சாய்வு, தோள் சரிவு, மோவாயைத் தொடும் இடது கை, அதன் முழங்கையைத் தாங்கும் வலது கை எல்லாம் அறுபடாமல் ஓடும். இனி வலது தோளையும் முழங்கையையும் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். எலும்புக்கு இடமிருக்காது, கை விலாவிலிருந்து முளைத்ததுபோல் நிற்கும்.

இது கவனக்குறைவு அல்ல. 1842-இல் தொடங்கி, பல முன்வரைவுகள் போட்டு, 1845-இல்தான் படத்தை முடித்தார். நியோகிளாசிக்கல் ஓவியர் தாவீதின் மாணவரான ஆங்க்ருக்குக் கோடுதான் முதலில், உடற்கூறு அதற்குப் பிறகு. 1814-இல் வரைந்த, படுத்திருக்கும் பெண்ணின் ஓவியமான ஒடலிஸ்கில் முதுகெலும்பு நீண்டுவிட்டதென்று அக்கால விமர்சகர்களும் குறைசொன்னார்கள். சீமாட்டி நிற்கும் நிலையோ அடக்கத்தைக் குறிக்கும் ரோமானியப் பெண் சிலைகளின் நிலை. உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பே இதுதான்.

அடுத்து, சீமாட்டிக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி. அது நமக்கு நேராக நிற்பதாகத் தெரிகிறது. அப்படியானால் பிம்பத்தின் பெரும்பகுதி அவர் தலைக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். ஆனால் பிடரி பக்கவாட்டில் நகர்ந்து தெரிகிறது. அங்கே தலைமுடியில் இருக்கும் சிவப்பு ரிப்பனை விரலால் மறைத்துப் பாருங்கள். உடை, சுவர், வெல்வெட் என்று எங்கும் பரவிய நீலம் உடனே சோர்ந்துவிடும்.

பலர் சறுக்குவது ஆண்டில். 1845 நியோகிளாசிக்கல் காலத்தின் உச்சம் அல்ல. கோடும் நிலையும் செவ்வியல். ஆப்பரா கண்ணாடி (இசைநாடக மேடையைப் பார்க்கும் சிறு தொலைநோக்கி), நாற்காலியில் கழற்றிப்போட்ட சால்வை எல்லாம் அன்றைய பாரிஸ். இந்த இழுபறியை எழுதாமல் பட்டின் பளபளப்பை மட்டும் வர்ணித்தால் ஆராய்ச்சி ஆகாது. தூரிகைத் தடம் தெரியவில்லையே என்று அச்சைக் குறைசொல்லாதீர்கள். பரப்பை வழவழப்பாக்குவது ஆங்க்ரின் முறை. நிறம் மட்டும் அச்சுக்கு அச்சு மாறும். நியூயார்க் அருங்காட்சியகமான ஃபிரிக் கலெக்‌ஷனில் மூலம் இருக்கிறது. அவர்கள் தரும் படத்தையே பயன்படுத்துங்கள். மூலம் சுமார் 132 செ.மீ. உயரம், 92 செ.மீ. அகலம்.

படம் முடிந்தபோது சீமாட்டி லூயீஸுக்கு 27 வயது. எழுத்தாளர் மதாம் த ஸ்தாலின் பேத்தி, பின்னாளில் ஆங்கிலக் கவிஞர் பைரனைப் பற்றி நூல் எழுதியவர். அந்தப் பார்வையை வெறும் நாணம் என்று எழுதிவிடாதீர்கள்.