மழைக்குப் பொங்கும் மலக்குழி: பவுசர் பிடித்தால் தீருமா?

கேள்வி: அவிசாவளைப் பக்கம் ஒரு லயத்தில் 6 குடும்பம், 30 பேர். எல்லோருக்கும் ஒரே செப்டிக் டாங்கி, ஒரே சோக்கேஜ் பிட் (டாங்கித் தண்ணீர் மண்ணுக்குள் ஊறும் குழி). மழை பிடித்தால் பொங்கி முற்றமெல்லாம் நாற்றம். இரண்டு தடவை பவுசர் (கழிவு உறிஞ்சும் லொறி) பிடித்து இறைத்தோம். மூன்றாம் நாளே நிறைந்துவிட்டது. பிட்டை இன்னும் ஆழமாக வெட்டலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். டாங்கி நிறைந்திருப்பது பழுதல்ல, அது எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். ஆளுக்கு 100 லீற்றர் என்றால் நாளுக்கு 3000 லீற்றர் வருகிறது. 7000 லீற்றர் டாங்கியும் மூன்றாம் நாள் நிறையத்தான் செய்யும். வந்த அளவு தண்ணீர் வெளியேறுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மூடியைத் திறந்து, தண்ணீர் வெளிக்குழாயின் அடிமட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேலே நின்றால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது பிட் தண்ணீரை வாங்கவில்லை. மழைக்கு மட்டும் பொங்குவதால் பிட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் உங்கள் பக்கம் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். பிட்டின் அடி அதற்குக் கீழே போனால் அது கிணறுதான். ஆழமாக்க ஆழமாக்க ஊற்று கூடும், மலக்கிருமியும் நேரே குடிகிணற்றுக்குப் போகும்.

இன்னொரு சோதனை: இரவு 2 மணிக்கு, ஒருவரும் தண்ணீர் பாவிக்காத நேரம், டாங்கிக்குள் வரும் குழாயில் டோர்ச் அடித்துப் பாருங்கள். அப்போதும் நூல் போல ஓடினால் சிஸ்டர்ன் (கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி) ஒழுகுகிறது, அல்லது பைப் பொருத்து வழியே நிலத்து நீர் நுழைகிறது. கூரைப் பீலித் தண்ணீரை இந்தக் குழாயில் விட்டிருந்தால் இன்றே திருப்புங்கள்.

வெளிக்குழாயில் 'டீ' (T வடிவக் குழாய்) இருக்கிறதா? அதன் கீழ்க்கை 1.5 மீற்றர் நீராழத்துக்கு 60 சென்ரிமீற்றராவது இறங்க வேண்டும். அது கழன்றிருந்தால் மிதக்கும் கழிவு பிட்டுக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அடைத்த பிட்டைத் திருத்துவதை விடப் புதிதாக இடம் பார்ப்பது மேல்.

புது இடத்தில் 60 சென்ரிமீற்றர் ஆழக் குழி எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீர் ஊறவிட்டு, காலையில் 15 சென்ரிமீற்றர் நிரப்புங்கள். மட்டம் 2.5 சென்ரிமீற்றர் இறங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தால் அந்த மண்ணை நம்பாதீர்கள். சீக்கிரம் இறங்கினால், 60 சென்ரிமீற்றர் ஆழ வாய்க்கால்களில் கல் போட்டுத் துளைக்குழாய் பதிக்கலாம், கிணற்றுக்குக் குறைந்தது 50 அடி தள்ளி.

மண் வாங்காவிட்டால் சல்லிப் படுகை, அதாவது டாங்கியிலிருந்து வரும் நீரைச் சல்லிக்கும் செடி வேருக்கும் ஊடாக ஓடவிட்டுத் தெளியவைக்கும் படுகை. ஆளுக்கு 2 சதுர மீற்றர் கணக்கில் 12 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், 60 சென்ரிமீற்றர் ஆழம். அடியிலும் பக்கத்திலும் தடித்த பொலித்தீன் விரித்து, 10-20 மில்லிமீற்றர் சல்லி நிரப்பி, சம்பு அல்லது மணிவாழை நடுங்கள். நுழையும், வெளியேறும் முனைகளில் பெரிய கல் போடாவிட்டால் சீக்கிரம் அடைபடும். வெளி முனையில் திருப்பக்கூடிய எல்போ (வளைகுழாய்) வைத்து, தண்ணீரைச் சல்லி மட்டத்துக்கு 10 சென்ரிமீற்றர் கீழே நிறுத்துங்கள், நுளம்பு வராது. வெளிவரும் நீர் தெளிவாக இருந்தாலும் கிருமி உண்டு. வாழைக்கு விடுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம். களனி ஆற்றுக்கு ஓடும் கானில் ஒருபோதும் விடாதீர்கள். கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை உங்களுக்குக் கீழேதான் இருக்கிறது. தொடங்குமுன் பொது சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள்.

பவுசர் தேவைப்படுவது சேறு சேர்ந்தால் மட்டும். நீண்ட தடியில் வெள்ளைத்துணி சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிடம் விட்டு எடுங்கள். கறுப்புப் படிந்த உயரம்தான் சேறு. அதுவும் மேலே மிதக்கும் ஏடும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒன்றைத் தொட்டால் இறையுங்கள், மழையில்லாத காலத்தில். உள்ளே மட்டும் யாரும் இறங்கக் கூடாது. அங்குள்ள வாயு ஒரே மூச்சில் ஆளை மயக்கிவிடும். தூக்கப் போனவரும் சேர்ந்தே விழுவார்.