ஆபரேஷனுக்குப் பிறகு சிஆர்பி எத்தனை இருக்கலாம்?

கேள்வி: என் கணவருக்கு வயது 61. பெருங்குடலில் கட்டி இருந்த பகுதியை வெட்டியெடுத்து, குடலை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் முதல் நாளிலிருந்து ரத்தத்தில் எடுத்த சிஆர்பி 92, 176, 168, 104, 61. எட்டாம் நாளான நேற்று நானே தனியார் லேப்பில் எடுத்தேன். 34 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. 3-க்கு மேல் போனாலே ஆபத்து என்று இணையத்தில் போட்டிருக்கிறார்கள். திருச்சியில் என் தங்கை வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்த அடுத்த வாரம் 3.2தான் இருந்ததாம். இவருக்கு உள்ளே சீழ் பிடித்திருக்குமோ? எங்களிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டார்களோ? பழைய அமோக்சிசிலின் மிச்சம் இருந்தது, நேற்றிலிருந்து கொடுக்கிறேன். தையலைச் சுற்றி அரிப்பு, பசியில்லை, மாலையில் சூடு 37.4. ஹாருவான் (விரால் மீன்) சூப் கொடுக்கலாமா? தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதல் வேலையாக அந்த அமோக்சிசிலினை நிறுத்துங்கள் அம்மா. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்று மலேசியாவில் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் எட்டாத ஒரே இடம் நம் வீட்டு மருந்து டப்பா. நீங்கள் பயப்படுகிறபடி உள்ளே சீழ், அதாவது குடலைத் தைத்த இணைப்பில் கசிவு என்றால் அதை இந்த மாத்திரை சரிசெய்யாது. கசிவு இல்லையென்றால் மாத்திரைக்கு வேலையே இல்லை. வயிற்றுப்போக்கு வந்து, அது மாத்திரையாலா ஆபரேஷனாலா என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொள்வதுதான் மிச்சம். இரண்டு வேளையோ நான்கு வேளையோ, கொடுத்ததை மறைக்காமல் உங்கள் சர்ஜனிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, அவர்கள் எதையும் மறைத்ததாக எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதியனுப்பிய எண்களே அதற்குச் சாட்சி. சிஆர்பி கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்கே காயம் பட்டாலும் ஏறும். கிருமியா கத்தியா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாசலில் நாய் குரைப்பது மாதிரி. வந்தது திருடனா தபால்காரரா என்று நாம்தான் எட்டிப்பார்க்க வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கும். புதிதாக உற்பத்தி நின்றுவிட்டால் ரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய ஏறக்குறைய 19 மணி நேரம்தான் ஆகும். ஆகவே நாங்கள் பார்ப்பது ஒரு நாள் எண்ணை அல்ல, அது போகிற திசையை.

குடல் ஆபரேஷனில் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை 150 என்பது பலரும் மனதில் வைத்திருக்கும் கோடு. அதற்குக் கீழே இருந்து, ஆளும் தெம்பாக இருந்தால், உள்ளே பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. தைரியமாக வீட்டுக்கு அனுப்பலாம். மேலே இருந்தால்? கசிவு என்று அர்த்தமில்லை. நெஞ்சுச் சளி, சிறுநீர்த் தொற்று, டிரிப் போட்ட நரம்பு வீக்கம், எதுவாகவும் இருக்கலாம். தேட வேண்டும், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். மொத்தத்தில் இந்தப் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்வதில் கெட்டி, ‘இருக்கிறது’ என்று சொல்வதில் சுமார். உங்கள் கணவருக்கு மூன்றாம் நாள் 168 இருந்தபோது அவர்கள் அனுப்பவில்லை, கவனித்தீர்களா? 104, 61 என்று இறங்கிய பிறகுதான் அனுப்பினார்கள். நேற்றைய 34 அதே இறக்கத்தின் அடுத்த படி. சிவப்பு எழுத்தைப் போட்டது லேப் கணினி. ஆபரேஷன் நடந்தது அதற்குத் தெரியாது.

இணையத்தில் பார்த்த அந்த 3, நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்கு வருங்காலத்தில் மாரடைப்பு வருமா என்று கணிக்கும் வேறொரு கணக்கு. வயிற்றைத் திறந்து தைத்தவருக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது வீண். திருச்சி ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று தங்கையிடம் கேளுங்கள். நம் ஊரில் லிட்டருக்கு மில்லிகிராம் என்று போடுவார்கள், அங்கே சில லேப்களில் டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்குப் போடுவார்கள். அப்படியென்றால் அவருடைய 3.2-உம் உங்களுடைய 34-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். (ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் தொற்று இருந்தும் சிஆர்பி ஏறாமல் ஏமாற்றும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.)

இனி லேப்புக்குப் போக வேண்டாம். வீட்டில் பிரஷர் பார்க்கும் மெஷின் இருக்கிறதா? மேலே இருக்கும் இரண்டு எண்களை எல்லாரும் பார்ப்பார்கள், கீழே மூன்றாவதாக வருவதை யாரும் சட்டை செய்வதில்லை. அதுதான் நாடித்துடிப்பு. காலையிலும் மாலையிலும் அவரைப் பத்து நிமிடம் சும்மா உட்காரவைத்துவிட்டு, அதைக் குறித்து வையுங்கள். எழுபது, எண்பதில் இருந்தவருக்கு ஓய்வில் 100-ஐத் தாண்டி, அரைமணி கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருந்து, கூடவே குறைந்துகொண்டு வந்த வயிற்றுவலி மறுபடி ஏறினால் அதுதான் நான் பயப்படும் அறிகுறி. வயிறு உப்பி, வாந்தியும் குளிர் நடுக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். இணைப்புக் கசிவு பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில் தெரியவரும், சிலருக்கு இரண்டாம் வாரத்திலும் வரும். அந்த நேரத்தில் சிஆர்பி எடுத்துப் பார்ப்போம் என்று உட்காராதீர்கள். அது ஏறவே அரைநாள் பிடிக்கும், நாடி அதற்கு முன்பே சொல்லிவிடும். ஒன்று மட்டும் கவனம்: அட்டெனோலோல், பைசோப்ரோலோல் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நாடி ஏறாமலும் போகலாம், அப்போது வலியையே நம்புங்கள். பனடோல் (பாராசிட்டமால்) கொடுப்பதற்கு முன்னால் சூடு பாருங்கள், கொடுத்த பிறகு பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

மற்றதெல்லாம் சில்லறை. 37.4 காய்ச்சல் இல்லை. தையல் ஆறும்போது அரிக்கும். சிவப்பு பரவினாலோ சீழ் வந்தாலோ காட்டுங்கள். பசி இப்போதைக்கு மந்தமாகத்தான் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். ஹாருவான் தாராளமாகக் கொடுக்கலாம், நல்ல புரதம். அந்தப் பெயரில் விற்கும் மாத்திரைகளுக்குப் பணம் கொட்ட வேண்டாம். தண்ணீர்மலைப் படிகளைப் பற்றி அடுத்த முறை சர்ஜனைப் பார்க்கும்போது கேளுங்கள், காவடி இந்த வருடம் கிடையாது.

நான் சொன்ன அறிகுறி நடுராத்திரியில் வந்தால், ஆபரேஷன் செய்த இடத்துக்கே போக வேண்டுமென்று பினாங்குப் பாலம் கடக்கக் காத்திருக்காதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் செபராங் ஜெயா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘குடலை வெட்டி இணைத்து இத்தனையாவது நாள்’ என்பதைக் கவுண்டரில் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அமோக்சிசிலின் இரண்டாவது வாக்கியம்.