முதுகு ஊசிக்கு முன்னாலேயே வலி மாத்திரை கொடுக்கலாமா?

ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மாமனாருக்கு 64 வயது, வலது பக்கம் குடலிறக்கம். அடுத்த வாரம் சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்வார்களாம், சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மனிதர் வலி தாங்க மாட்டார். அன்று காலையிலேயே மாத்திரை போட்டுக் கூட்டிப்போனால் அப்புறம் வலிக்காது என்று மெடிக்கல்காரர் ஒரு செட் கட்டிக் கொடுத்திருக்கிறார், கொடுக்கலாமா என்பது கேள்வி. சர்க்கரைக்கும் "ஹார்ட்டுக்கு ஒண்ணும்" மாத்திரை சாப்பிடுகிறார் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

அந்த செட்டைக் கொடுக்காதீர்கள் அம்மா. முன்கூட்டியே வலி மருந்து கொடுப்பது தப்பு என்பதால் அல்ல, மயக்க டாக்டர்கள் நாங்களே கொடுப்பதுண்டு. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அவருக்கு மயக்க ஊசி போடப்போகிற டாக்டருக்கும் தெரியாது, அதுதான் பிரச்சினை.

முதுகு ஊசி என்ன செய்கிறது என்பதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். காலிலிருந்தும் அடிவயிற்றிலிருந்தும் மூளைக்குப் போகிற வலிச் செய்தியை அது நடுவழியிலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் கத்தி வைக்கும்போது வலி இருக்காது, அதற்கென்று மாத்திரை தேவையில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் மரப்பு விட ஆரம்பிக்கும். முதலில் காலை அசைப்பார், "ஒண்ணுமே இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்பார். அடுத்த அரை மணியில் பல்லைக் கடிப்பார். வாயில் போடுகிற பாராசிட்டமால் வேலை செய்யவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். வலி வந்த பிறகு மாத்திரை தேடுவது விருந்தாளி பந்தியில் உட்கார்ந்த பிறகு உலை வைக்கிற கதைதான். வலி மருந்தைக் கொடுப்பது கத்திக்கு முன்பா பின்பா என்று எங்கள் ஆட்களே வருடக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். முதுகு ஊசியில் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை, மரப்பு விடும்போது மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரையாகக் கொடுத்தும் செய்யலாம், மேஜையிலேயே நரம்பில் ஏற்றியும் செய்யலாம், தையல் போடும்போது காயத்தைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்தியும் செய்யலாம். மூன்றில் எது என்பதை ஊசி போடுகிறவர் முடிவு செய்யட்டும்.

இப்போது அந்த செட்டுக்கு வருகிறேன். அட்டையைக் கத்தரித்து, பேர் தெரியாமல் நான்கு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதை இந்த ஊரில் எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்! ஒன்று டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரை, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று ஆன்டிபயாடிக், சில கடைகளில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு. அந்தச் சின்னதுதான் "அந்தக் கடை மாத்திரை சுருக்குனு கேக்குது" என்று பெயர் வாங்கித் தருகிறது. சர்க்கரைக்காரருக்கு அது போனால் சர்க்கரை எகிறும், காயம் ஆறுவது தாமதமாகும். டைக்ளோஃபினாக் வகையோ, பட்டினியாக வருகிற வயதான சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், இதய நோயாளிக்கும் நல்லதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் இதையெல்லாம் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அட்டையிலேயே சிவப்புக் கோடும் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? அட்டையையே கத்தரித்த பிறகு கோடு எங்கே இருக்கும்!

அடுத்தது அந்த "ஹார்ட்டுக்கு ஒண்ணு". நீங்கள் கேட்காத இதுதான் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி. இன்றைக்கே அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். வெறும் ஆஸ்பிரின் என்றால் முதுகு ஊசிக்குப் பொதுவாகத் தடையில்லை. குளோபிடோக்ரெல் என்றால் கதை வேறு. அது ரத்தம் உறையவிடாது, முதுகு ஊசி குத்துகிற இடத்தில் உள்ளே ரத்தம் கட்டினால் நரம்பை அழுத்தி இரண்டு காலும் விழுந்துவிடக்கூடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் திரும்பாமலே போகலாம். அதனால் அதை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆபரேஷன் அடுத்த வாரம் என்கிறீர்கள், அப்படியானால் கணக்கு இன்றைக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, நிறுத்திவிடலாமா? நீங்களாக நிறுத்தவே கூடாது! இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கிற வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்தவராக இருந்து, அதுவும் சமீபத்தில் வைத்தவராக இருந்தால், நிறுத்திய வாரத்திலேயே ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். இதய டாக்டரும் மயக்க டாக்டரும் ஒரு போன் பேசினால் தீர்கிற விஷயம். நிறுத்த முடியாது என்றால் ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாம், அல்லது முதுகு ஊசி இல்லாமல் வேறு வழியில் செய்யலாம். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரே கேப்ஸ்யூலில் சேர்ந்தும் வருகிறது. "ஆஸ்பிரின்தான் சார்" என்று சொன்ன பெரியவரின் பையிலிருந்து அதை மேஜையில் படுத்த பிறகு கண்டுபிடித்து எழுப்பி அனுப்பியிருக்கிறேன். முன் பரிசோதனை என்று அவருக்கு ஒரு சீட்டில் கையெழுத்து இருந்தது, யாரும் பையைத் திறந்து பார்க்கவில்லை. அதனால் பேர் சொல்லாதீர்கள், எல்லா அட்டையையும் அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்: பால் காப்பி சாப்பாட்டுக் கணக்கு, வரக்காப்பி தண்ணீர்க் கணக்கு. சர்க்கரை மாத்திரையை அன்று காலை போடலாமா என்பதையும் அந்தப் பையைக் கொட்டும்போதே கேட்டுவிடுங்கள்.

பிறகு வீடு திரும்புகிற கணக்கு. மதியம் ஆபரேஷன், சாயங்காலம் டிஸ்சார்ஜ் என்றால் மரப்பு எங்கே விடும் என்று யோசித்தீர்களா? ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், வண்டி குலுங்கும்போது, கையில் மாத்திரை இல்லாமல். எங்கள் ஆஸ்பத்திரிகளில் வலி மருந்தை "தேவைப்பட்டால்" என்று எழுதுகிற கெட்ட பழக்கம் உண்டு. தேவை என்று யார் சொல்வது? வலியைச் சொன்னால் கேவலம் என்று நினைக்கிற தலைமுறை அது, ராத்திரி வார்டு முழுக்க ஒரே ஒரு நர்ஸ். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் பாராசிட்டமால் மணிக்கணக்கோடு இருக்க வேண்டும் என்று நின்று கேளுங்கள்: ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், முதல் இரண்டு மூன்று நாள். ஒல்லியானவர் என்றால் எடைக்கு ஏற்ற அளவு கேளுங்கள், 50 கிலோவுக்குக் கீழே இருப்பவருக்கு ஒரு தடவைக்கு ஒரு கிராம் அதிகம். டிரமடால் என்கிற இன்னும் வலுவான வலி மருந்தை எழுதினால் மலச்சிக்கலுக்கும் ஏதாவது சேர்த்து எழுதச் சொல்லுங்கள், தையல் போட்ட குடலிறக்கக்காரர் முக்கக் கூடாது. சிறுநீர் போன பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். இந்த வயதில் முதுகு ஊசிக்குப் பிறகு சிறுநீர் அடைப்பது சாதாரணம், அதை நாகலூரில் நடுராத்திரி கண்டுபிடிப்பது சாதாரணமில்லை. ஒரு ராத்திரி சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் தங்குங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் "காப்பீட்டு அட்டையில நானே முடிச்சுத் தரேன், மூவாயிரம் கொடுங்க" என்று ஒருவர் வருவார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு எந்தத் தரகரும் வேண்டாம். அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி என்றால் அதற்கென்று ஒரு மேஜை உள்ளேயே இருக்கும். மயக்க டாக்டருக்குத் தனி ஃபீஸ் உண்டா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். பல ஊர்களில் நாங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஓடுகிறவர்கள், ஐந்து நிமிடம்தான் உங்களோடு நிற்போம், அது வெட்கக்கேடுதான். அந்த ஐந்து நிமிடத்தில் மாத்திரை அட்டைகள் இருக்கிற பையைக் காட்டிவிடுங்கள்.

முதுகு ஊசிக்குப் பிறகு தலையணை வைக்கக் கூடாதாமே என்றும் கேட்டிருந்தீர்கள். வைக்கலாம், சமமாகப் படுத்தால் தலைவலி வராது என்பதற்கு ஆதாரமில்லை. எழுந்து உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் குறைகிற மாதிரித் தலைவலி அடுத்த இரண்டு மூன்று நாளில் வந்தால் மெடிக்கலுக்குப் போகாமல் ஊசி போட்ட டாக்டருக்கு போன் செய்யுங்கள்.